பல்லுக்குச் சீவுளி பிடிப்பவர்கள்

சென்ற மாதம் இலண்டனிலிருந்து என் தங்கையின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வருகிற ஆவணியில் அவளுக்குக் கலியாணம். மண்டபத்தின் படமாக்கும் என்று எண்ணி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மண்டபமல்ல, ஒரு விலைப்பட்டியல். துருக்கி நாட்டின் அன்ரலியா நகரத்துப் பல் சிகிச்சை நிலையம் ஒன்று அனுப்பியது. மூன்று நிரல்கள். முதலாவது கொம்போசிற் வெனியர், இரண்டாவது போர்சலின் வெனியர், மூன்றாவது சிர்க்கோனியா. ஒவ்வொன்றின் கீழும் விலையும் உத்தரவாத ஆண்டுகளும். சிர்க்கோனியாவின் தலையில் ஒரு தங்க நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் கீழே: இருபது பற்கள், ஐந்து நாட்கள், ஹோட்டல் தங்குமிடமும் விமான நிலைய வாகனமும் சேர்த்து.

படத்துக்குக் கீழே அவளுடைய குரற்பதிவு. "மாமா, நீங்கள் தானே எல்லாத்தையும் விசாரிச்சு எழுதுற ஆள். இதிலை எது நல்லது எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் கலைப்பட்டதாரி. விஞ்ஞானம் சாதாரண தரப் பரீட்சையோடு என்னை விட்டு நீங்கிவிட்டது. ஆனாலும் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பட்டியலைக் கண்டவுடன் அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பட்டியலில் இல்லாதது ஒன்றுதான். பல்லிலிருந்து எவ்வளவு அரைக்கப்படும் என்பது அதில் இல்லை.

எந்த வெனியர் சிறந்தது என்ற கேள்வியை நான் எதிர்க்கிறேன். அந்தக் கேள்வி பிழையான இடத்தில் தொடங்குகிறது. அதை அந்த இடத்தில் தொடங்கி வைத்தவர்கள் விற்பவர்கள். மூன்று நிரல்களை விரித்து, எதை எடுக்கப்போகிறாய் என்று கேட்டுவிட்டால், எதையாவது எடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி வாய்க்கு வெளியே வருவதில்லை. புடவைக் கடையில் பாயில் இருத்திவைத்து நூறு சேலைகளை விரிப்பவரின் அதே சாமர்த்தியம். வித்தியாசம், சேலையை மடித்துத் திருப்பிக் கொடுக்கலாம்.

வெனியர் என்ற சொல் நம்மவர்களுக்குப் பல் வைத்தியசாலைக்கு முன்பே தச்சுப்பட்டறையில் அறிமுகமானது. மலிவான பலகையின் மேல் தேக்கின் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டி அலுமாரிக் கதவு செய்வார்கள். தகடு சரியாகப் படியவேண்டுமானால் அடியிலிருக்கும் பலகைக்குச் சீவுளி பிடிக்கவேண்டும். பல்லிலும் ஏறத்தாழ இதேதான் நடக்கிறது. ஆனால் இங்கே அடியிலிருப்பது மலிவான பலகை அல்ல. ஒட்டப்போகிற தகட்டைவிட உயர்ந்த பொருள்.

அந்தப் பொருளின் பெயர் எனாமல். எங்கள் பாடப்புத்தகங்கள் அதை மிளிரி என்று சொல்லிக் கொடுத்தன, நல்ல சொல். மனித உடலிலேயே மிகக் கடினமானது மிளிரி. பல் முரசைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அதை உருவாக்கும் கலங்கள் அழிந்துவிடுகின்றன. எனவே எலும்பு முறிந்தால் பொருந்துவதுபோலவோ தோல் வெட்டுண்டால் வளர்வதுபோலவோ அது மீண்டும் வளராது. மேல்வாயின் நடு வெட்டுப்பல்லில் அதன் தடிப்பு வெட்டு விளிம்பை நெருங்கும் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு. முரசை ஒட்டிய இடத்தில் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. ஆக, 'சும்மா அரை மில்லிமீற்றர்தான் எடுப்போம்' என்று ஒருவர் சொன்னால், பல்லின் கழுத்துப் பகுதியில் உள்ள மிளிரி முழுவதையும் எடுப்போம் என்பதே அதன் பொருளாகவும் இருக்கக்கூடும். அதற்கு உள்ளே இருப்பது டென்ரின். அது உயிருள்ள, நுண்குழாய்கள் நிறைந்த, குளிர்நீர் பட்டால் கூசுகின்ற பகுதி.

இந்த அரைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள வெனியரின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1928இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த சார்ள்ஸ் பின்கஸ் என்ற பல் வைத்தியர் ஹொலிவூட் நடிகர்களுக்காக மெல்லிய பல்லுறைகளைச் செய்தார். கட்டுப்பல்லுக்குப் பாவிக்கும் ஒட்டுத்தூளினால் அவற்றை ஒட்டுவார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பாற்பல் விழும் வயதில் குழந்தை நட்சத்திரம் ஷேர்லி ரெம்பிளின் இடைவெளிகள் இரசிகர்களின் கண்ணில் படாமல் போனது இப்படித்தான். அது வேஷம்; மீசை ஒட்டுவதுபோல. வேஷம் கலைந்த பின் சொந்தப் பல் அப்படியே இருக்கும்.

வேஷத்தை நிரந்தரமாக்கியது ஓர் அமிலம். 1955இல் நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்ரர் நகரில் மைக்கல் புவொனொகோரே என்பவர், உலோகத்தில் வர்ணம் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலைகளில் பொஸ்பரிக் அமிலம் பூசுவதைக் கவனித்து, அதையே மிளிரியிலும் பூசிப் பார்த்தார். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாயின. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகிக்கொண்டது. பின்னர் 1980களின் தொடக்கத்தில் போர்சலினின் உட்புறத்தையும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரித்து அதேபோல் ஒட்டவைக்க முடியும் என்று சிமொன்சன், கலமியா ஆகியோர் காட்டினார்கள். இன்று நாம் காணும் வெனியர் அன்றைக்குப் பிறந்தது. ஆக, வெனியரைத் தாங்கி நிற்பது தகட்டின் பலம் அன்று, ஒட்டு. ஒட்டைத் தாங்கி நிற்பது மிளிரி. மிளிரியை அரைத்து எறிந்துவிட்டு அதன் மேல் ஒட்டப்படும் தகடு எத்தனை விலை உயர்ந்ததானாலும் சேற்றில் நட்ட கம்பந்தான்.

இதைச் சொல்லும் மிக வலுவான ஆய்வுகளில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே துருக்கியிலிருந்து. இஸ்தான்புல்லைச் சேர்ந்த கலிப் குரெல் தம் சகாக்களோடு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 580 போர்சலின் வெனியர்களைப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்கு ஆராய்ந்தார். மிளிரியில் ஒட்டப்பட்டவை ஏறத்தாழ எல்லாமே நிலைத்து நின்றன. டென்ரினில் ஒட்டப்பட்டவை பழுதாகும் சாத்தியம் ஏறத்தாழப் பத்து மடங்கு. அரைப்பதற்கு முன் பல்லின் மேல் தற்காலிக மாதிரியைப் பூசி, நோயாளிக்கு அதைக் கண்ணாடியில் காட்டி, அந்த மாதிரியின் ஊடாகவே அளந்து அரைத்து மிளிரியைக் காப்பாற்றும் முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவரும் அவரே. ஆகவே துருக்கிக்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் சில எழுதும் பாணியில் நான் எழுத வரவில்லை. நல்ல வைத்தியர் அங்கேயும் உண்டு, கொழும்பிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. நான் குற்றம் சொல்வது படத்தைப் பார்த்து விலை சொல்லும் முறையை. அது எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி.

இனி அந்த மூன்று நிரல்களுக்கு வருகிறேன். தங்க நட்சத்திரம் குத்தப்பட்ட சிர்க்கோனியாவிலிருந்தே தொடங்குவோம்.

சிர்க்கோனியா பலமானது. அதில் ஐயமில்லை. வளைத்து முறிக்கும் சோதனையில் பழைய வகைப் போர்சலின் நூறு மெகாபாஸ்கலுக்கு உட்பட்ட விசையிலேயே முறிந்துவிடும். லித்தியம் டைசிலிக்கேற் என்னும் கண்ணாடிப் பீங்கான் ஏறத்தாழ நானூறு வரை தாங்கும். சிர்க்கோனியா ஆயிரம் அளவைத் தொடும். விளம்பரக்காரருக்கு இந்த மூன்று எண்கள் போதும். ஆனால் பீங்கானை ஹைட்ரோபுளோரிக் அமிலம் அரிப்பது அதிலுள்ள கண்ணாடிப் பகுதியைத்தான். சிர்க்கோனியாவில் கண்ணாடி இல்லை. ஆகவே அமிலம் அங்கே எடுபடாது. மணலூதிச் சொரசொரப்பாக்கி வேறு இரசாயனம் பூசி ஒட்டவேண்டும். அப்படி ஒட்டினாலும் மெல்லிய முகப்புத் தகட்டுக்கு அதை முதல் தெரிவாகக் கொள்வோர் குறைவு. அப்படியானால் இவ்வளவு சிர்க்கோனியா எப்படி விற்பனையாகிறது? பல்லை நான்கு பக்கமும் சுற்றி அரைத்து, முளையாக்கி, அதன் மேல் தொப்பிபோல் கவிழ்த்துவிட்டால் ஒட்டு அவ்வளவு நன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. அதன் பெயர் வெனியர் அல்ல. கிரவுண். முழு மூடி.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. முன்பற்களில் வெவ்வேறு சிகிச்சைகளுக்காக எவ்வளவு பல் அகற்றப்படுகிறது என்று எடல்ஹொஃப், சோரன்சன் இருவரும் நிறுத்துப் பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். வெனியருக்கு, வடிவத்தைப் பொறுத்து, முரசுக்கு மேலுள்ள பல்லின் 3 முதல் 30 வீதம் வரை. முழு மூடிக்கு 63 முதல் 72 வீதம் வரை. வெனியர் என்று கேட்டு மூடியைப் பெற்றவர் தம் பல்லில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். 2022இல் பிபிசி தயாரித்த விவரணம் ஒன்றுக்காக ஆரோக்கியமான பற்களின் படங்களைப் பல சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்பி ஆலோசனை கேட்டபோது, அவற்றில் நிறையப் பேர் அந்தப் பற்களுக்கே கிரவுண் போடலாம் என்று பதில் அனுப்பினார்கள். அரைத்த பின் உள்ளே நரம்பு இறந்துபோகும் அபாயமும், அதற்குப் பின் வேர்க்குழாய்ச் சிகிச்சையும், அதுவும் தவறினால் பல்லைக் கழற்றுவதும் விலைப்பட்டியலில் வராது. அவை ஐந்து நாட்களுக்குள் நடப்பவையல்ல. ஐந்து வருடங்களுக்குள், பத்து வருடங்களுக்குள், வேறொரு நாட்டில், வேறொரு வைத்தியரின் கதிரையில் நடப்பவை.

நடு நிரலில் 'போர்சலின்' என்று ஒரே சொல்லில் போட்டிருந்தார்கள். அது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். பெல்ட்ஸ்பார் போர்சலினைக் கைவினைஞர் ஒருவர் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசிச் சூளையில் சுட்டெடுப்பார். 0.3 மில்லிமீற்றர் வரை மெல்லியதாகச் செய்யலாம். ஒளி ஊடுருவி இயற்கைப் பல்லைப்போல இருக்கும். ஆனால் ஒட்டப்படுவதற்கு முன் கையில் முறியக்கூடியது. லித்தியம் டைசிலிக்கேற் அதைவிடப் பலமானது. அழுத்தியும் வார்க்கலாம், கணினி இயந்திரத்தால் கடைந்தும் எடுக்கலாம். அதிலும் ஒளி அதிகம் விடுவது, குறைவாக விடுவது என்று பலவகைக் கட்டிகள் உண்டு. இவற்றில் எது என்று தீர்மானிப்பது வாங்குபவரின் பணப்பை அன்று. அடியிலிருக்கும் பல்லின் நிறமும் கடியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது விடாத காய்ச்சல். டிஸ்பென்சரியில் தந்த இனிப்பு மருந்து ரெட்ராசைக்கிளின் என்று பின்னால் தெரிந்தது. பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது எட்டு வயதுக்கு முன், அந்த மருந்து கொடுத்தால் அது கல்சியத்தோடு பிணைந்து பல்லுக்குள்ளேயே தங்கிவிடும். முளைக்கும்போது மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்படச் சாம்பலும் மண்ணிறமுமாக மாறும். என் வயதையொத்த பலரின் பற்களில் அந்தப் பட்டைகளைக் காணலாம். பல்கலைக்கழகத்தில் என்னைப் 'புகையிலை' என்று அழைத்தார்கள். நான் சுருட்டைத் தொட்டதுகூட இல்லை.

முப்பது வயதில், முதல் முறையாகக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, ஒரு பல் வைத்தியரிடம் போனேன். பேராதனையில் படித்த பழைய மனிதர். என் வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, இதை மறைக்கத்தான் வேணும். ஆனால் இப்ப அரைக்க வேண்டாம். கொம்போசிற் பூசுவம். பழுதானால் திரும்பப் பூசலாம். பல்லு இருக்கும்" என்றார். நான்கு முன்பற்களுக்குப் பூசினார். ஊசியும் இல்லை, விறைப்பும் இல்லை. ஒரே பின்னேரத்தில் முடிந்தது. ஆறு வருடங்கள் தாங்கியது. பிளேன்ரீயால் மங்கியது. ஒரு தைப்பொங்கலன்று பயற்றம் பணியாரத்தில் ஒரு மூலை உடைந்தது. அரை மணித்தியாலத்தில் ஒட்டிக் கொடுத்தார். மீண்டும் ஒரு முறை முழுதாகப் பூசவேண்டி வந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகே, அவரிடம் படித்த இளைய வைத்தியர் ஒருவர், ஒளியைக் குறைவாக விடும் லித்தியம் டைசிலிக்கேற் தகடுகளை ஒட்டினார். மெல்லிய பெல்ட்ஸ்பார் போர்சலின் போட்டிருந்தால் அடியிலிருந்த சாம்பல் நிறம் ஊடாகத் தெரிந்திருக்கும். இன்றுவரை அவை இருக்கின்றன. இரவில் பற்களை நறநறக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்று மனைவி சொன்ன சாட்சியத்தின் பேரில், படுக்கும்போது ஒரு பிளாஸ்ரிக் கவசமும் போட்டுக்கொள்கிறேன்.

ஆகவே வெனியர் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைப்போல ரெட்ராசைக்கிளின் குடித்தவர்களுக்கு, அநுராதபுரத்திலோ தமிழ்நாட்டின் தருமபுரியிலோ புளோரைட் கூடிய கிணற்று நீர் குடித்துப் பற்கள் மண்ணிறமாகிப் பொருக்குவிட்டவர்களுக்கு, விபத்தில் உடைந்தவர்களுக்கு அது ஒரு கொடை. வாயைக் கையால் மறைத்துச் சிரித்துப் பழகியவனுக்குத்தான் அந்தக் கையைக் கீழே இறக்குவதன் அருமை தெரியும். அதனாற்றான் ஆரோக்கியமான பல்லின் மேல் அது விற்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மருமகளின் பற்களை நான் அறிவேன். பாடசாலையில் வலைப்பந்து விளையாடும்போது ஒரு பல்லின் மூலை சற்று உடைந்தது. இடது பக்கத்துச் சிறு வெட்டுப்பல் கொஞ்சம் திரும்பி நிற்கும். என் அம்மாவுக்கும் அப்படித்தான். நிறம், மனிதப் பல்லின் நிறம். அந்த மூலைக்குக் கொம்போசிற் ஒரு துளி போதும். நிறம் பிடிக்கவில்லையானால் வெளிறவைக்கும் முறை இருக்கிறது. இரவில் தட்டில் பத்து வீத கார்பமைட் பெரொக்சைட் வைத்துப் போடும் வழக்கம் 1989 முதல் உலகெங்கும் உண்டு. அவள் வாழும் நாட்டில் பல் வைத்தியரின் மேற்பார்வையில் அதைச் செய்யச் சட்டமும் இடம் கொடுக்கிறது. திரும்பிய பல்லை நேராக்க மாதங்கள் எடுக்கும். எடுக்கட்டுமே. இருபது பற்களை அரைப்பதற்கு அங்கே என்ன காரணம் இருக்கிறது?

இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் பணியாற்றிய மாட்டின் கெலெஹர் என்ற நிபுணர் 2010இல் தம் தொழில்முறைச் சகாக்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார். 'மகள் சோதனை' என்று பெயர். நோயாளிக்குச் செய்யப்போகும் இந்த அழகுச் சிகிச்சையை, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, என் சொந்த மகளின் பல்லுக்குச் செய்வேனா என்று வைத்தியர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். எனக்கு மகள் இல்லை. மருமகள்தான். அன்ரலியாவின் அந்த நிலையத்துக்காரர் தம் மகளின் இருபது பற்களை அரைப்பாரா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

வயது வந்த பெண், அவளுடைய பல், அவளுடைய காசு, உமக்கென்ன என்று கேட்பார்கள். கேட்கட்டும். தன் உடலைப்பற்றித் தீர்மானிக்க அவளுக்கு முழு உரிமை உண்டு என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் உரிமை என்பது தெரிந்து தீர்மானிப்பது. அவளுக்கு இப்போது 28 வயது. நன்றாகச் செய்யப்பட்ட பீங்கான் வெனியர்களில் பெரும்பான்மை பத்து வருடங்களைத் தாண்டுகின்றன. நல்லது. பதினைந்து வருடங்கள் என்றே வைப்போம். 43இல் ஒரு முறை, 58இல் ஒரு முறை, 73இல் ஒரு முறை மாற்றவேண்டும். ஒவ்வொரு முறையும் பழையதை அரைத்து எடுக்கும்போது பல்லும் கொஞ்சம் போகும். இருபது பற்களால் பெருக்கிப் பாருங்கள். அப்போதைய விலையில், அப்போதைய வருமானத்தில், ஒருவேளை ஓய்வூதியத்தில். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று ஒரு சொற்றொடர் விளம்பரங்களில் வருகிறது. யாருடைய வாழ்நாள் என்று அவர்கள் சொல்வதில்லை. வெனியரின் வாழ்நாளா, நிறுவனத்தின் வாழ்நாளா?

பல்லை அரைக்காமலே ஒட்டுவோம் என்பவர்களும் உண்டு. இது எல்லா நேரமும் பொய்யல்ல. பற்கள் சிறியனவாக, இடைவெளியோடு, அல்லது உள்ளே சாய்ந்து இருந்தால் மேலே சேர்ப்பதற்கு இடம் இருக்கும். சாதாரண வரிசையில் இருக்கும் பல்லின் மேல் அப்படி ஒட்டினால் உதடு முன்னுக்குத் தள்ளும். முரசோரத்தில் படி விழும். அந்தப் படியில் அழுக்குச் சேர்ந்து முரசு வீங்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல் வைத்தியர்கள் நிறம் பார்க்கப் பாவிக்கும் வழமையான வீற்றா வரிசையில் பதினாறு நிறங்கள் இருக்கின்றன. மனிதப் பற்களைப் பார்த்து வகுத்தவை. இப்போது பெரும்பாலோர் கேட்பது அந்தப் பதினாறுக்கும் வெளியே, அவற்றையெல்லாம்விட வெள்ளையாக உள்ள நிறங்களை. முத்துப் பல்வரிசை என்று நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மன்னாரில் முத்துக் குளித்த இனம் நாங்கள். முத்தை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுண்ணாம்பு வெள்ளை அல்ல. பாலேட்டின் நிறம், உள்ளே இறங்கித் திரும்பும் ஒளி. நல்ல பல்லும் அப்படியே. கழுத்தில் சற்று மஞ்சள், விளிம்பில் கண்ணாடி போன்ற மெல்லிய நீலம், வேட்டைப்பல் மற்றவற்றைவிட ஒரு படி கருமை. இருபது பற்களையும் குளியலறை ஓட்டின் நிறத்தில் அடுக்கிவைத்துவிட்டு முத்து என்று சொன்னால் முத்துக்கு இழுக்கு.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவனாக மாட்டேன். நான் ஒரு வார இணைப்பிதழுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் 'மருத்துவ ஆலோசனை' என்ற தலைப்பில் அழகுச் சிகிச்சைக் கட்டுரைகள் வரும். எழுதி அனுப்புவது சிகிச்சை நிலையம். பணம் கட்டுவதும் அதுவே. கட்டுரைக்குக் கீழே தொலைபேசி இலக்கம். விளம்பரம் என்ற சொல் எங்கேயும் இராது. நான் எழுத்துப்பிழை திருத்தினேன். ஒரு முறை தலைப்பும் நானே வைத்தேன்: 'புன்னகைக்குப் புதுவாழ்வு'. அந்தத் தலைப்புக்காகப் பாராட்டும் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் மூன்று வகை வெனியர்களும் அவற்றின் நன்மைகளும் இருந்தன. மிளிரி என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. நான் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. விளம்பரப் பகுதியிலிருந்து ஒருவர் ஆசிரியபீடத்துக்கு ஏறி வந்து நிற்பார் என்பது எனக்குத் தெரியும். இன்று அந்த வேலையை இன்ஸ்ரகிராமும் ரிக்ரொக்கும் செய்கின்றன, எங்களைவிடத் திறமையாக. பற்களைக் காட்டிச் சிரிக்கும் பிரபலத்துக்குச் சிகிச்சை இலவசம் என்பதைப் பார்ப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் வழியைப் போட்டுக் கொடுத்தவர்களில் நாங்களும் இருந்தோம்.

வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்கவேண்டியிருக்கிறது. நிறம் பார்த்து, உயரம் பார்த்து, பல் பார்த்துப் பெண் எடுத்த சமூகம் இது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பிள்ளை, ஒருக்காச் சிரி பாப்பம்" என்று கேட்ட பெரியவர்களை நானே கண்டிருக்கிறேன். மருமகள் விரும்பித் தேர்ந்த பையன் அப்படிக் கேட்டிருக்கமாட்டான். ஆனாலும் கலியாண அல்பத்தில் ஆயிரம் படங்கள் வரும் என்ற அச்சம் எங்கிருந்து அவளுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு நான் எந்த வெனியர் என்று பதில் எழுதவில்லை. நிலையத்துக்காரரிடம் கேட்கும்படி சில கேள்விகளை எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு பல்லிலிருந்தும் எத்தனை மில்லிமீற்றர் எடுப்பீர்கள், எடுத்த பின் மிளிரி மிஞ்சுமா? பட்டியலில் உள்ள சிர்க்கோனியா முகப்புத் தகடா, முழு மூடியா? அரைப்பதற்கு முன் மாதிரியை வாயில் பூசிக் காட்டுவீர்களா, அதோடு இரண்டு நாள் நடமாட விடுவீர்களா? எக்ஸ்ரே பார்க்காமல் இருபது என்ற எண்ணுக்கு எப்படி வந்தீர்கள்? ஒன்று உடைந்தால் இலண்டனில் யார் பார்ப்பார்கள், விமானச் சீட்டு யாருடைய செலவு? வெளிறவைத்து, மூலையில் கொம்போசிற் வைத்தால் போதாதா?

மூன்று நாட்களுக்குப் பிறகு அவர்களுடைய பதிலை அப்படியே எனக்கு அனுப்பிவைத்தாள். மில்லிமீற்றர் பற்றி ஒன்றுமில்லை. மூடியா தகடா என்பதற்குப் பதில் இல்லை. இந்த மாதம் முடிவதற்குள் பதிவு செய்தால் பதினைந்து வீதம் கழிவு என்றும், துணைக்கு வருபவருக்கு ஹோட்டல் இலவசம் என்றும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே மருமகள் ஒரு வரி சேர்த்திருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை ஹரோவில் ஒரு பல் வைத்தியரிடம் எக்ஸ்ரே எடுக்கப் போகிறாளாம். அம்மாவுக்குச் சொல்லிவிட்டாளாம்.